போடி வட்டாரத்தில் நடு வீட்டின் வருமானம்: நாமே கணக்கிடுவது எப்படி?

தீபாவளிச் சரக்குக்கு ஆர்டர் கொடுக்கும் முன் நம்மில் பலர் முதலில் விசாரிப்பது ஏலக்காய் விலையைத்தான். காய் நல்ல விலை போயிருந்தால் எண்ணெய் டின்னையும் சர்க்கரை மூட்டையையும் கூட்டி எடுக்கிறோம். விலை இறங்கியிருந்தால் குறைக்கிறோம். ஏலக்காயை நம்பி வளர்ந்த ஊரில் இது இயல்பான பழக்கமே. ஆனால் சரக்கு போன பிறகு, பற்று நோட்டைப் புரட்டிப் பாக்கி வசூலிக்கும் நேரத்தில்தான் அந்தக் கணக்கு எங்கே தவறியது என்பது தெரிகிறது. விலை உச்சத்தில் இருந்த ஆண்டிலும் பாக்கி தேங்குவதுண்டு. விலை விழுந்த ஆண்டிலும் வாரக்கூலி நாளன்று கடையில் கூட்டம் குறையாமல் இருப்பதுண்டு.

காரணம் எளிது. ஏல விலை தோட்டக்காரரின் வரவைச் சொல்கிறது. நம் கடைக்கு வரும் பெரும்பாலான வீடுகளின் வரவைச் சொல்வதில்லை. அந்த வீடுகளின் வருமானம் எவ்வளவு, ஐந்து வருடத்துக்கு முன் எவ்வளவு, உண்மையில் உயர்ந்திருக்கிறதா என்று தெரிந்தால்தான் எவ்வளவு சரக்கு எடுப்பது, எவ்வளவு கடன் கொடுப்பது என்று முடிவு செய்யலாம். இதை எப்படிக் கணிப்பது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

சராசரி வேறு, நடு வேறு

ஒரு தெருவில் ஒன்பது வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றின் மாத வருமானம் ஆயிரக் கணக்கில் 7, 9, 11, 12, 13, 15, 18, 25, 160. கடைசி வீடு மலையில் ஏலத்தோட்டம் உள்ளவர் வீடு. ஒன்பதையும் கூட்டினால் 2,70,000. ஒன்பதால் வகுத்தால் சராசரி 30,000 ரூபாய். ஆனால் அந்தத் தெருவில் எட்டு வீடுகளுக்கு 30,000 ரூபாய் வருவதே இல்லை.

இதே வீடுகளைக் குறைந்த வருமானத்திலிருந்து வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்கும் ஐந்தாவது வீட்டைப் பார்த்தால் 13,000 ரூபாய். பாதி வீடுகள் இதற்குக் கீழே, பாதி வீடுகள் இதற்கு மேலே. இதைத்தான் புள்ளியியலில் 'இடைநிலை' என்கிறார்கள். நாம் 'நடு வீட்டின் வருமானம்' என்று சொல்லிக்கொள்வோம்.

இப்போது ஏலக்காய் விலை ஏறி, தோட்டக்காரர் வீட்டு வருமானம் 3,40,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 30,000-லிருந்து 50,000-க்குத் தாவிவிடும். நடு வீடு அதே 13,000-ல் நிற்கும். சராசரியைப் பார்த்துச் சரக்கு எடுத்தவர் ஏமாந்துபோவார். தோட்டக்காரர் வீட்டில் எவ்வளவு பணம் சேர்ந்தாலும் அவர் மாதத்துக்கு எட்டு டின் எண்ணெய் வாங்கப் போவதில்லை. மளிகை வியாபாரம் வீடுகளின் எண்ணிக்கையை நம்பி நடப்பது. ஆகவே நமக்கு வேண்டியது நடு வீட்டின் கணக்கு.

2019 சொன்ன பாடம்

2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. இடுக்கி மலையில் ஏலச்செடிகள் பெருமளவில் சேதமாயின. அடுத்த கோடையில் வறட்சியும் சேர்ந்துகொண்டது. விளைச்சல் குறைந்தது, விலை ஏறியது. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனதை நாம் எல்லோரும் அறிவோம். மூன்று ஆண்டு கழித்து, 2022-ல், சராசரி விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இருந்தது.

விலை ஏறியதற்குக் காரணமே காய் குறைந்ததுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். காய் எடுக்கும் ஆளுக்குக் கூலி நாள் கணக்கில் வருகிறது. ஏல விலையில் பங்கு இல்லை. செடியில் காய் குறைந்தால் காய் எடுப்புக்குத் தேவைப்படும் ஆட்களும் குறைவு, நாட்களும் குறைவு. ஆகவே கிலோ 7,000 ரூபாய் விற்கும் ஆண்டு, மலைக்குப் போகும் கூலி வீட்டுக்கு மெலிந்த ஆண்டாக இருக்கலாம். விளைச்சல் பெருகி விலை விழுந்த ஆண்டில் தோட்டக்காரர் முகம் வாடியிருக்கும். ஆனால் வேலை நாட்கள் கூடுதலாக இருக்கலாம். விலை விழுந்தது பல மாதம் நீடித்துத் தோட்டக்காரர் களையெடுப்பையும் உரத்தையும் குறைக்கத் தொடங்கும்போதுதான் அந்தக் கஷ்டம் கூலி வீட்டையும் எட்டும்.

எனவே ஏல விலையை மட்டும் பார்ப்பது போதாது. விலையோடு வரத்தையும், அதாவது எத்தனை கிலோ ஏலத்துக்கு வந்தது என்பதையும், சேர்த்துப் பார்த்தால் வேலை நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

அரசுக் கணக்கில் இது கிடைக்குமா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறோம். அதில் கிடைப்பது வீடு, கழிப்பறை, வாகனம், தொழில் போன்ற விவரங்கள். 2011 கணக்கெடுப்பின்படி தேனி மாவட்ட மக்கள்தொகை 12,45,899 என்று தெரியும். ஆனால் அந்த வீடுகளின் வருமானத்தை அக்கணக்கெடுப்பு கேட்கவில்லை.

2011-ல் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு ஒரு கேள்வி கேட்டது. ஊரக வீட்டில் அதிகம் சம்பாதிப்பவரின் மாத வருமானம் 5,000-க்குக் கீழா, 5,000 முதல் 10,000 வரையா, அதற்கு மேலா என்பது கேள்வி. நாடு முழுவதும் சுமார் 74.5 சதவீத ஊரக வீடுகள் முதல் பெட்டியில் விழுந்தன. அப்படியானால் நடு வீடும் முதல் பெட்டிக்குள்தான் இருக்கிறது. ஆனால் அது 2,000 ரூபாயிலா, 4,500 ரூபாயிலா என்று அந்தக் கணக்கால் சொல்ல முடியாது. மேலும் அது வீட்டின் மொத்த வருமானம் அன்று; ஒருவருடைய வருமானம் மட்டுமே.

தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் விவசாயக் குடும்பங்களின் வருமானத்தைக் கணக்கிட்டிருக்கிறது. 2012-13-ல் அகில இந்திய அளவில் மாதம் 6,426 ரூபாய். 2018-19-ல் 10,218 ரூபாய். தமிழ்நாட்டுக்கு இவை முறையே 6,980 மற்றும் 11,924 ரூபாய். இவை சராசரிகள் என்பதையும், கூலியை மட்டும் நம்பும் நிலமற்ற வீடுகள் இதில் சேராது என்பதையும் மறக்கக் கூடாது.

'நடு வீடு' என்ற வகையிலேயே கணக்கிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் குழுமமும் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து 2004-05-ல் நடத்திய ஆய்வில், இந்தியாவின் நடு வீட்டு ஆண்டு வருமானம் சுமார் 28,000 ரூபாய் என்று கண்டார்கள். ஊரகத்தில் சுமார் 22,400, நகரத்தில் சுமார் 51,200. ஆனால் இவை நாடு தழுவிய எண்கள். நாடு முழுவதற்கும் எடுத்த மாதிரியில் ஒரு வட்டத்தின் பங்குக்கு வருவது மிகச் சில வீடுகளே. அவற்றை வைத்துப் போடி வட்டத்துக்கு எண் சொல்ல முடியாது.

2025 ஜனவரி முதல் மாதிரி ஆய்வுகளில் மாவட்டத்தை அடிப்படை அலகாக எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். வீட்டு வருமானத்துக்கென்றே நாடு தழுவிய ஆய்வு ஒன்றை 2026-ல் நடத்துவதாகவும் மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2025-ல் அறிவித்தது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் வட்ட அளவில், நம் கடைத் தெரு அளவில், எண் வேண்டுமென்றால் நாம்தான் உழைக்க வேண்டும்.

மலைச் சம்பாத்தியம் யார் கணக்கில்?

மாவட்டத் தனிநபர் வருமானம் என்று ஓர் எண் அவ்வப்போது வெளிவருகிறது. அதைப் பார்த்து வாடிக்கையாளர் வருமானத்தை ஊகிக்கலாமா? நம் வட்டாரத்தில் அதற்கு ஒரு தனித் தடை இருக்கிறது.

அந்த எண், மாவட்ட எல்லைக்குள் உற்பத்தியான மதிப்பை மக்கள்தொகையால் வகுத்துக் கிடைப்பது. நம் ஊரிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்து மாலையில் இறங்குகிறவர்கள் எத்தனை பேர்! அவர்கள் எடுத்த காய் இடுக்கி மாவட்ட உற்பத்தியாகக் கேரளத்தின் கணக்கில் ஏறுகிறது. அவர்களுடைய கூலி போடியிலும் சிலமலையிலும் ராசிங்காபுரத்திலும் செலவாகிறது. மலையில் தோட்டம் வைத்து இங்கே குடியிருப்பவர்களின் லாபமும் அப்படியே. உற்பத்தி ஒரு மாநிலத்தில், வீடு இன்னொரு மாநிலத்தில். எனவே தேனி மாவட்ட உற்பத்திக் கணக்கு நம் வீடுகளின் வருமானத்தை முழுதாகக் காட்டாது.

இந்தத் தொடர்பு எவ்வளவு ஆழமானது என்பதை 2020-ல் பார்த்தோம். மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்து மாநில எல்லை மூடப்பட்டபோது மலைக்குப் போகும் வழி அடைபட்டது. எந்த ஆய்வு அறிக்கையும் வரும் முன்பே, அந்த வீடுகளின் வருமானம் நின்றுபோனதை நம் பற்று நோட்டுகள் காட்டிவிட்டன.

மற்ற நாட்டில் எப்படிச் செய்கிறார்கள்?

அமெரிக்காவில் 'கவுன்டி' என்பது ஏறத்தாழ நம் மாவட்டத்துக்கு ஒப்பான பகுதி. சில கவுன்டிகளில் சில ஆயிரம் பேரே வசிக்கிறார்கள். அத்தகைய சிறு பகுதிக்கும் ஆண்டுதோறும் நடு வீட்டு வருமானத்தை அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கு அலுவலகம் மதிப்பிடுகிறது. மாதிரி ஆய்வில் ஒரு சிறு கவுன்டியிலிருந்து கிடைக்கும் வீடுகள் போதாது. ஆகவே வருமான வரிப் பதிவுகள், உணவு உதவி பெறுவோர் எண்ணிக்கை போன்ற, வேறு காரணத்துக்காக ஏற்கனவே சேர்ந்திருக்கும் பதிவுகளை ஆய்வோடு பொருத்திக் கணிக்கிறார்கள். எண்ணை வெளியிடும்போது, உண்மை இந்த எல்லையிலிருந்து இந்த எல்லைக்குள் இருக்கலாம் என்றும் சேர்த்தே சொல்கிறார்கள்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, கொஞ்ச வீடுகளை நேரில் அறிந்த விவரத்தோடு ஏற்கனவே இருக்கும் பதிவுகளைச் சேர்த்துப் பார்ப்பது. இரண்டு, பிழையின் அளவையும் ஒப்புக்கொள்வது. நம் கூலி வீடுகளில் வருமான வரிப் பதிவு இராது. ஆனால் நமக்குப் பற்று நோட்டு இருக்கிறது, கூலி விகிதம் தெரியும், ஏல வரத்து தெரியும்.

நோட்டிலிருந்து கணக்குக்கு

முதலில் வீடுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடன் வாங்குகிறவர்களை மட்டும் எடுத்தால் கணக்கு கீழே சாயும். ரொக்கத்துக்கு வாங்குகிறவர்களை மட்டும் எடுத்தால் மேலே சாயும். நம் கடைக்கு வராத வீடுகளும் உண்டு. ஆகவே கடையைச் சுற்றியுள்ள தெருக்களில் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு, அல்லது பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்று ஒழுங்காக எண்ணி அறுபது வீடுகளை எடுப்பது நல்லது. மலைக் கூலி, ஊர்க் கூலி, தென்னையோ மாவோ வைத்திருக்கும் சிறு விவசாயி, மாதச் சம்பளக்காரர், சிறு தொழில் செய்பவர் என எல்லா வகையும் தானாக வந்துசேரும். கொட்டகுடி, குரங்கணி போன்ற மலையடிவாரப் பகுதிகளில் காப்பி, மிளகு வீடுகளும் வரும்.

அடுத்து வருமானம். "உங்கள் வருமானம் என்ன?" என்று கேட்டால் சரியான பதில் வராது. கேட்பதும் மரியாதை ஆகாது. வேலைக்குப் போகிறவர் எத்தனை பேர், எந்த மாதத்தில் எத்தனை நாள் வேலை, நாள் கூலி என்ன என்பவை பேச்சுவாக்கில் தெரிகிற விஷயங்கள். அவற்றைப் பெருக்கினால் போதும்.

ஓர் உதாரணம். கணவன், மனைவி இருவரும் மலைக்குப் போகிறார்கள். நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காய் எடுப்பு இருக்கும் ஏழு மாதங்களில் ஒருவருக்கு மாதம் 22 நாள், மற்றவருக்கு 18 நாள். மற்ற ஐந்து மாதங்களில் 12 நாளும் 5 நாளும். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அப்படியானால் வேலை மாதத்தில் வருமானம் 21,000 ரூபாய், மந்த மாதத்தில் 9,500 ரூபாய். ஆண்டுக்கு 1,94,500. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் 16,200.

இந்த 16,200 ரூபாய் எந்த ஒரு மாதத்திலும் அந்த வீட்டுக்கு வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட இந்த எண் வேண்டும். ஆனால் கடன் வரம்பை முடிவு செய்ய வேண்டியது மந்த மாதத்து 9,500-ஐ வைத்து. ஐப்பசியில் கைநிறையப் பணம் புழங்குவதைப் பார்த்துச் சித்திரையிலும் அதே அளவு பற்று எழுதினால், அது அடுத்த காய் எடுப்பு வரை தேங்கத்தான் செய்யும்.

வரிசையும் பிழையும்

அறுபது வீட்டுக்கும் துல்லியமான தொகை கிடைக்காது. பெட்டி பிரித்தால் போதும். மாத வருமானம் 10,000-க்குக் கீழே 18 வீடு, 10,000 முதல் 15,000 வரை 20 வீடு, 15,000 முதல் 25,000 வரை 14 வீடு, அதற்கு மேல் 8 வீடு என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். அறுபதில் பாதி முப்பது. முதல் பெட்டியிலேயே 18 வீடு முடிந்துவிட்டது. இரண்டாம் பெட்டியில் இன்னும் 12 வீடு எண்ணினால் முப்பதாவது வீடு. அந்தப் பெட்டியில் உள்ள 20 வீடுகள் சீராகப் பரவியிருப்பதாகக் கொண்டால், 5,000 ரூபாய் அகலத்தில் இருபதில் பன்னிரண்டு பங்கு 3,000. ஆக நடு வீட்டின் வருமானம் 13,000 ரூபாய்.

இது எவ்வளவு நம்பகமானது? அறுபது வீடுகளை எந்தச் சாய்வும் இல்லாமல் எடுத்திருந்தால், உண்மையான நடு வீடு நம் வரிசையில் சுமார் 23-வது வீட்டுக்கும் 38-வது வீட்டுக்கும் இடையில் இருக்கும் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நம்பலாம் என்பது புள்ளியியல் விதி. மேலே சொன்ன பெட்டிகளில் அது 11,250 ரூபாயிலிருந்து 15,000 ரூபாய் வரை. ஆகவே அடுத்த ஆண்டு வேறு அறுபது வீடுகளை எடுத்து 13,800 வந்துவிட்டால், வருமானம் கூடிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. அதே வீடுகளை ஆண்டுதோறும் தொடர்ந்து பார்த்தால் மாற்றம் தெளிவாகத் தெரியும். புதிதாகக் குடிவந்த வீடுகளைச் சேர்த்துக்கொள்ளவும், காலி செய்து போன வீடுகளைத் தனியே குறித்துவைக்கவும் மறக்க வேண்டாம்.

ஐந்து வணிகர்கள் தத்தம் பகுதியில் அறுபது வீடு பார்த்தால் முந்நூறு வீடு ஆகும். பிழையின் அகலம் பாதிக்கும் கீழே வந்துவிடும். சங்கமாகச் சேர்ந்து செய்வதன் பலன் இதில்தான் இருக்கிறது.

ரூபாய் கூடினால் வருமானம் கூடியதாகுமா?

காலத்தை ஒப்பிடும்போது விலைவாசியைக் கழிக்காமல் பேசுவது பயனற்றது. விவசாயக் குடும்ப வருமானம் 6,426-லிருந்து 10,218 ஆனது என்று பார்த்தோம். இது 59 சதவீத உயர்வு. அதே காலத்தில் விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீட்டெண் சுமார் 35 சதவீதம் ஏறியது. 1.59-ஐ 1.35-ஆல் வகுத்தால் 1.18. ஆறு ஆண்டுகளில் உண்மையான உயர்வு சுமார் 18 சதவீதம் மட்டுமே.

அதன் உட்பிரிவைப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. பயிர் வருமானம் 3,081-லிருந்து 3,798 ஆனது. அதாவது 23 சதவீதம். விலைவாசி ஏறிய அளவுக்குக்கூட இது ஏறவில்லை. கூலி, சம்பள வருமானமோ 2,071-லிருந்து 4,063 ஆகி ஏறக்குறைய இரட்டித்தது. நிலம் உள்ள குடும்பத்திலேயே கூலி வருமானம் பயிர் வருமானத்தை முந்திவிட்டது. வாடிக்கையாளரை 'விவசாயி' என்று மட்டும் எழுதிவைத்திருக்கும் நம் மனக்கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டிய இடம் இது.

செலவிலும் இப்படியே. நாடு முழுவதும் ஊரகத்தில் ஓர் ஆளின் மாதச் செலவு 2011-12-ல் 1,430 ரூபாய், 2023-24-ல் 4,122 ரூபாய். பார்வைக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. 2011-12 விலையில் கணக்கிட்டால் 2,079 தான். அதாவது சுமார் 45 சதவீத உயர்வு. தமிழ்நாட்டு ஊரகத்தில் 2023-24-ல் இது 5,701 ரூபாய். நான்கு பேர் வீட்டுக்கு 22,800 ரூபாய் வருகிறதே என்று மகிழ வேண்டாம். இதுவும் சராசரிதான், நடு வீடு இதற்குக் கீழே இருக்கும்.

நமக்கான விலைக் குறியீட்டை நாமே செய்துகொள்ளலாம். பழைய பில் கட்டில் ஒரு நடுத்தர வீட்டின் மாதச் சிட்டை ஒன்றை எடுத்து, அதே சாமான்களை, அதே எடையில், இன்றைய விலையில் போட்டுப் பாருங்கள். அன்று 2,000 ரூபாய் வந்த சிட்டை இன்று 3,000 ரூபாய் வந்தால் விலை ஒன்றரை மடங்கு. விற்பனைத் தொகையும் ஒன்றரை மடங்குதான் ஆகியிருக்கிறது என்றால் கடை வளரவில்லை, நின்ற இடத்தில் நிற்கிறது.

கூலியின் நீண்ட காலப் போக்குக்கு அரசு அறிவித்த எண்களையும் பார்க்கலாம். நூறு நாள் வேலைத் திட்டம் 2008-ல் எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்தபோது தமிழ்நாட்டில் கூலி 80 ரூபாய். 2025-26-க்கு அறிவித்தது 336 ரூபாய். கைக்கு வந்தது இதைவிடக் குறைவாக இருந்திருக்கலாம். ஆனாலும் ஊர்க் கூலி எந்தத் திசையில் எந்த வேகத்தில் போனது என்று அறிய இது ஓர் அளவுகோல்.

ஏமாற்றும் அடையாளங்கள் மூன்று

கடையிலிருந்து பார்க்கும்போது நம்மைத் தவறான முடிவுக்கு இழுக்கும் விஷயங்கள் சில உண்டு.

முதலாவது, அரிசி. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். அரிசி விற்பனை குறைந்தால் வருமானம் குறைந்ததாக எண்ணிவிடக் கூடாது. நாடு முழுவதும் ஊரகச் செலவில் தானியத்தின் பங்கு 2011-12-ல் சுமார் 10.75 சதவீதமாக இருந்து 2023-24-ல் சுமார் 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. உணவின் மொத்தப் பங்கு 52.9 சதவீதத்திலிருந்து 47 சதவீதமாகியிருக்கிறது. கூடும் வருமானம் மூட்டை அரிசியாக நம் கடைக்கு வராது. பிஸ்கட், பால், மசாலாப் பொடி, சோப்பு என்று வரலாம். அல்லது நம் கடையைத் தாண்டிப் பள்ளிக் கட்டணத்துக்கும் வண்டித் தவணைக்கும் போகலாம்.

இரண்டாவது, வீடு பிரிவது. அண்ணன் தம்பி ஒரே அடுப்பாக இருந்து 24,000 ரூபாய் சம்பாதித்த வீடு, தனித்தனி அடுப்பானால் 12,000 ரூபாய் வீடுகள் இரண்டு ஆகிவிடும். யாருடைய வருமானமும் குறையவில்லை. ஆனால் நடு வீட்டின் எண் இறங்கும். ஆகவே வருமானத்தோடு வீட்டில் எத்தனை பேர் என்பதையும் எழுதிவைத்தால்தான் பத்தாண்டுக் கணக்கு பொய்க்காது.

மூன்றாவது, பற்று. கடன் கூடுவது வருமானம் குறைந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம், அடுத்த மாத வேலை மேல் உள்ள நம்பிக்கையாகவும் இருக்கலாம். பாக்கித் தொகையைவிட, பாக்கி எத்தனை நாளில் திரும்புகிறது என்பதே சரியான அடையாளம். பத்து நாளில் திரும்பிய பாக்கி இருபத்தைந்து நாள் ஆனால், விசாரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஒரு வேண்டுகோள்

இந்தக் கணக்கு வாடிக்கையாளரை வேவு பார்ப்பதற்காக அன்று. நோட்டில் பெயர் எழுத வேண்டாம். 1, 2, 3 என்று எண் போட்டால் போதும். ஒரு வீட்டின் விவரம் இன்னொரு வீட்டுக்கோ, தவணைக்குப் பணம் கொடுப்பவருக்கோ போகக் கூடாது. நம்மை நம்பி வீட்டு விஷயத்தைச் சொல்கிறவர்களின் நம்பிக்கை எந்தக் கணக்கைவிடவும் பெரியது.

காய் எடுப்பு முடியும் மாசி மாதத்தில் ஒருமுறையும், மந்த காலத்தில் வைகாசியில் ஒருமுறையும் இந்தக் கணக்கை எடுக்கலாம் என்பது நம் யோசனை. ஒவ்வொருவரும் தம் அறுபது வீட்டின் பெட்டி எண்ணிக்கையை மட்டும் சங்கத்துக்குக் கொடுத்தால், போடி நகர், டொம்புச்சேரி, சிலமலை, மலையடிவாரம் என்று பிரித்து நடு வீட்டு எண்ணைக் கணக்கிட்டு உறுப்பினர்களுக்குத் தெரிவிக்க முடியும். முதல் ஆண்டு எண்ணால் பெரிய பயன் இராது. மூன்றாம் ஆண்டு எண்ணை முதல் ஆண்டோடு வைத்து, பழைய சிட்டை விலையால் வகுத்துப் பார்க்கும்போதுதான் நம் ஊர் வீடுகள் மேலே போகின்றனவா, நின்ற இடத்திலேயே நிற்கின்றனவா என்பது தெரியும்.

அதுவரை, அடுத்த தீபாவளி ஆர்டருக்கு முன் ஏல விலையை விசாரிக்கும்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டுக்கொள்வோம்: ஏலத்துக்கு வரத்து எவ்வளவு? ஜீப்பில் மலைக்குப் போகிறவர்களுக்கு இந்த மாதம் எத்தனை நாள் வேலை?